பாடல் வரியும் கார்டு (chord) குறியும் ஒட்டிக்கொள்வதை எப்படித் தவிர்ப்பது?

கேள்வி:
மியூஸ்ஸ்கோர் என்ற இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளில் மேல் ஸ்டாஃபின் (ஐந்து கோட்டுத் தொகுதியின்) பாடல் வரிகளும் கீழ் ஸ்டாஃபின் கார்டு குறிகளும் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் பெயர்களும்) ஏறக்குறைய ஒட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றாக இழுக்காமல் இடைவெளியைக் கூட்ட வழி உண்டா?

பதில் 1:
கையால் இழுப்பது வீண் வேலை. இசைத்தாளில் ஒரு வரி முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் மாறினால் மீண்டும் சரிபார்க்க வேண்டியிருக்கும். ஸ்டைல் சாளரத்தில், பாடல் வரிகளுக்கான பகுதிக்குச் சென்று, வரிகளுக்குக் கீழே விட வேண்டிய குறைந்தபட்ச இடைவெளியைக் கூட்டினால், அது இசைத்தாள் முழுவதற்கும் பொருந்தும். அங்குள்ள அலகு, ஸ்டாஃபின் அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடையிலான தூரம் என்பதால், அரை அலகாகக் கூட்டிப் பார்ப்பதே நல்லது.

பதில் 2:
ஓரிடத்தில் மட்டும் நெருக்கடி என்றால், லேஅவுட் தட்டிலுள்ள ஸ்பேசரை (ஸ்டாஃப்களுக்கு இடையே இடைவெளி கூட்டும் குறியை) அந்த அளவையில் (measure) இட்டு, அதன் பிடியை இழுத்தால் போதும்.

கேட்டவர்:
ஸ்பேசரே போதுமானதாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் மட்டுமே சிக்கல்.