‘டீசல் சேர்ப்பான்’ வேண்டாமே: சேர்மானம், புகைக்கரைசல் பற்றி

வணக்கம்.

லாரி பட்டறைக் கையேட்டுக்கான சொற்பட்டியல் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் எனக்கு மறுப்பில்லை. ‘மாற்று எரிபொருள்’ ஏற்கெனவே நிலைத்துவிட்ட சொல். டீசல் எவ்வளவு எளிதில் பற்றும் என்பதைக் காட்டும் ‘சீட்டேன் எண்’ அப்படியே இருக்கட்டும், அதைத் தமிழாக்கி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் டீசலில் சிறிதளவு சேர்க்கும் அடிட்டிவ், புகையைச் சுத்தம் செய்யும் டெஃப் (டீசல் எக்ஸாஸ்ட் ஃப்ளூயிட்) இரண்டுக்கும் சேர்த்து ‘டீசல் சேர்ப்பான்’ என்று போட்டிருப்பது ஆபத்து.

டெஃப் டீசலில் சேர்வதே இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6) மாசு விதி வந்தபின் வரும் லாரிகளில் அதற்குத் தனித் தொட்டி, பெரும்பாலும் நீல மூடி. அதில் இருப்பது 32.5 சதவீதம் யூரியா, மீதி கனிமம் நீக்கிய நீர். எஞ்சினில் எரிந்து முடிந்து வெளியே போகும் சூடான புகையில் அதைத் தெளிக்கிறார்கள். யூரியா அம்மோனியாவாகப் பிரிந்து, வினையூக்கியின் மேல் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வினைபுரிந்து நைட்ரஜனும் நீராவியுமாக மாற்றிவிடுகிறது. இதை ‘டீசல் சேர்ப்பான்’ என்று எழுதிவைத்தால், புதிதாக வேலைக்கு வந்த பையன் எதில் ஊற்றுவான்? டீசல் டேங்கில்தான். பம்பும் இன்ஜெக்டரும் அதோடு போச்சு.

டெஃபுக்கு ‘டீசல் கழிவு திரவம்’ என்ற இன்னொரு பரிந்துரையும் பார்த்தேன். அதை நம் ஊரில் படித்தால் கொசஸ்தலையாற்றில் கலக்கும் ஏதோ ஒன்று என்றுதான் தோன்றும். விட்டுவிடலாம்.

‘யூரியாக் கரைசல்’ என்று சொன்ன நண்பரின் வாதம் வலுவானது. மாதவரம், மணலி பக்கம் பட்டறைகளில் யூரியா என்றுதான் சொல்கிறார்கள், எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் ஓட்டுகிறவர்களும் ‘யூரியா தண்ணி’ என்பார்கள். வேதியியலும் சரி. எனக்குத் தயக்கம் வேறு இடத்தில். பெயரிலேயே செய்முறை இருந்தால், உர மூட்டையை வாங்கித் தண்ணீரில் கரைக்கலாமே என்று யாருக்காவது தோன்றும். 2015 முதல் உர யூரியாவில் வேப்பெண்ணெய் பூசுவது கட்டாயம். அந்த எண்ணெயும், உரத்திலும் குழாய்த் தண்ணீரிலும் உள்ள உப்புகளும் வினையூக்கியைக் கெடுக்கும், தெளிப்பு முனையை அடைக்கும். அதை மாற்றும் செலவோடு பார்த்தால் மூட்டையில் மிச்சம் பிடித்தது ஒன்றுமே இல்லை. அதனால் எங்கே வேலை செய்கிறது என்பதைச் சொல்லும் ‘புகைக்கரைசல்’ மேல் என்று நினைக்கிறேன். நைட்ரஜன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் கரும்புகை இல்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் வண்டிக்குப் ‘புகைச் சான்றிதழ்’ வாங்குகிற ஊரில், சைலன்சர் வழியாக வருவதெல்லாம் புகைதான்.

இனி அடிட்டிவ். இதற்கு ‘கலப்புப்பொருள்’ வேண்டாம். கலப்படம் என்று காதில் விழும், அதுவும் டீசலில் மண்ணெண்ணெய் கலந்த கதைகள் கேட்ட காதில். ‘சேர்மானம்’ என்கிறேன் நான். வைத்தியரும் சமையற்காரரும் புழங்கிய சொல், கொஞ்சம் போட்டால் போதும் என்ற பொருளும் அதில் இருக்கிறது. பள்ளிப் பாடத்தின் ‘சேர்ம’த்தோடு குழம்பும் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் பட்டறைக் கையேட்டில் சேர்மம் வரப்போகும் இடங்களே குறைவு.

சேர்மானத்துக்கு எல்லை எங்கே என்பதுதான் சுவையான கேள்வி. ‘அளவை வைத்துப் பிரிப்போம், ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் சேர்மானம், நூற்றில் இத்தனை என்றால் கலவை எரிபொருள்’ என்றார் ஒருவர். பாதி சரி. பற்றும் வேகத்தைக் கூட்டும் எத்தில்ஹெக்சைல் நைட்ரேட் அந்த அளவில்தான் போடப்படுகிறது. ஆனால் தாவர எண்ணெயிலிருந்து செய்யும் பயோடீசலைப் பாருங்கள். பி.எஸ். 4 காலத்தில் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு வரை இருக்கலாம், இப்போது 10 மட்டும். கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயல்பான வழுவழுப்பும் போய், உயர் அழுத்தப் பம்ப் தேயும். அதை ஈடுகட்ட ஓரிரண்டு சதவீதம் பயோடீசலே போதும். அங்கே அது எரிசக்திக்காக வரவில்லை, மசகுக்காக வருகிறது. ஆகவே அது சேர்மானம். அதே பயோடீசல் இருபது சதவீதம் என்றால் டீசலின் இடத்தைப் பிடிக்கிறது, கலவை எரிபொருள். இங்கே மெக்கானிக்கின் கவலையும் வேறு: பழைய டேங்கின் கசடைக் கரைத்துக்கொண்டு வந்து ஃபில்டரை அடைக்கும், பழைய ரப்பர் சீல்கள் உப்பும். எனவே அளவோடு ‘எதற்காக’ என்பதும் வரையறையில் வேண்டும்.

எத்தனாலை இந்தக் கட்டத்தில் அடைப்பது கஷ்டம். அதன் சீட்டேன் எண் 8 வாக்கில்தான், நம் டீசலுக்குக் குறைந்தது 51 வேண்டும். கொஞ்சம் ஈரம் பட்டாலே டீசலிலிருந்து பிரிந்து அடியில் நிற்கும். பெட்ரோலில் எத்தனால் கலப்பதைப் பார்த்து லாரியிலும் ஊற்றிப் பார்க்கிற ஆட்கள் இருப்பதால், கையேட்டில் ஒரு எச்சரிக்கை வரி மட்டும் போட்டால் போதும்.

சமையல் எண்ணெயை நேராக ஊற்றலாமா என்பதும் கேள்வியாக வந்திருந்தது. 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது என்னவோ உண்மை. இன்றைய இன்ஜெக்டரின் துளைகளுக்கு அந்த எண்ணெய் ரொம்பக் கெட்டி. சரியாகத் தூவாமல் முனையில் கரி கட்டும். மெத்தனாலோடு வினைபுரியவைத்துக் கிளிசரினைப் பிரித்தெடுத்தபின் கிடைப்பதுதான் பயோடீசல். அதனால் ‘எண்ணெய் டீசல்’ என்ற பரிந்துரையை நான் ஏற்கவில்லை. பஜ்ஜிக்கடை எண்ணெயை வடிகட்டி ஊற்றலாம் என்று எண்ணவைக்கும்.

புகைவடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்வதற்கு ‘மீளுருவாக்கம்’ என்று போட்டிருக்கிறீர்கள். பட்டறையில் ‘ரீஜென்’ என்கிறார்கள். நான் ‘கரியெரிப்பு’ பக்கம். யாராவது வேறு சொல் வைத்திருந்தால் அதையும் எழுதுங்கள், பட்டியலில் அந்த வரியை மட்டும் இப்போது காலியாக விட்டிருக்கிறேன்.