வெஜ் சூப்பில் சூரை மீன்: சம்பந்திகள் இருவரோடு ஜப்பான் சாப்பாடு

காலாண்டுத் தேர்வு விடுமுறையில் நடந்தது. புரட்டாசி மாதம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதையே அதில்தான் இருக்கிறது.

மகள் எட்டாம் வகுப்பு. ஒரு வருடமாக அனிமே என்ற ஜப்பான் கார்ட்டூன்களைப் பார்த்துவிட்டு ராமென் நூடுல்ஸ், தகோயாகி என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். புதுச்சேரியில் ஒரு மாலுக்குள் ஜப்பானிய ஃப்யூஷன் கடை இருப்பதைக் கண்டுபிடித்ததும் அவள்தான். ஞாயிறு மதியம் மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்பினோம். நான், கணவர், மகள், என் அம்மா, மாமியார். அரியாங்குப்பம் வரும்போது வழக்கம்போல ஊர்ந்தோம்.

அம்மா புரட்டாசி முழுக்கச் சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். மாமியார் தேவனாம்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவர், மீனுக்கு மாதம் பார்ப்பதில்லை. இந்த இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து ஜப்பான் சாப்பாடு வாங்கிக்கொடுக்கப் போன என் தைரியத்தை என்ன சொல்ல!

மெனு கார்டில் மிசோ சூப்புக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருந்தது. சோயாவைப் புளிக்கவைத்த விழுதைக் கரைத்து, டோஃபு போட்டு வரும் சூப், சைவம்தான் என்று நானே அம்மாவுக்கு விளக்கிச் சொல்லி ஆளுக்கொரு கிண்ணம் சொன்னேன். சூப் வந்தது. அம்மா இரண்டு கரண்டி குடித்து, "ரசம் மாதிரிதான் இருக்கு, புளிப்பில்ல" என்றார். மாமியார் கிண்ணத்தை வாய்வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டார். ஒருமுறை மோந்து பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"சம்பந்தி, அத வெச்சிடுங்க. இதுல சூரை இருக்கு."

கணவர் சிரித்தார். "அம்மா, அது வெஜ்மா." மாமியார் அசையவில்லை. "கருவாட்டு வாசம் எனக்குத் தெரியாதா? சூரையேதான்."

பரிமாறிய தம்பியைக் கூப்பிட்டேன். "மீன் பீஸ் எதுவும் போடறதில்லக்கா, வெஜ்தான்" என்றார். பாவம், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சூப்புக்குப் போடும் பொடியின் பொட்டலத்தைக் காட்டச் சொல்லி மேலாளரிடம் கேட்டோம். கொஞ்சம் தயங்கி, கொண்டுவந்தார். பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டில் அசைவத்துக்கான பழுப்பு முக்கோணம். உட்பொருட்களில் உலர்ந்த பொனிட்டோ பொடி என்று மகள் வாசித்தாள்.

பொனிட்டோ என்றால் சூரையில் ஒரு வகைதான். ஜப்பானில் அதை வேகவைத்து, புகையில் உலர்த்தி, கட்டை போல இறுகியதும் சீவி எடுக்கிறார்கள். கட்ஸுஓபுஷி என்று பெயர். அந்தச் சீவலையும் கொம்பு என்ற கடற்பாசியையும் தண்ணீரில் போட்டு இறக்கும் சாறுதான் தாஷி. நம் வீட்டில் புளிக்கரைசல் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. சூப்பில் மீன் துண்டு இல்லை என்று தம்பி சொன்னதும் பொய்யில்லை. மீன் தண்ணீராகிப் போயிருந்தது.

மேலாளர் மன்னிப்புக் கேட்டார், அம்மாவின் சூப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. பணமா பிரச்சினை? அம்மா முகம் வாடிவிட்டது. எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, "பெருமாளுக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. கேட்காமல் அடித்துச் சொன்னவள் நான்தானே.

அதற்கப்புறம் ஒவ்வொன்றையும் விசாரித்துத்தான் வாங்கினோம். காய்கறி டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ள வந்த சாஸிலும் அதே தாஷி. அம்மா உப்பைத் தொட்டுச் சாப்பிட்டார். "எண்ணெய் குடிக்காத பஜ்ஜி" என்று பாராட்டும் கிடைத்தது. வெள்ளரிக்காய் சுஷியைச் சுற்றியிருந்த கறுப்புத் தாளைப் பார்த்து, கடலிலிருந்து வந்ததாயிற்றே என்று தயங்கினார். நோன்பு காலத்தில் பக்கத்து வீட்டிலிருந்து வரும் கடல்பாசியை நினைவுபடுத்தினேன், அதன் சொந்தக்காரன்தான் என்று. அப்போதும் ஒன்றுதான் சாப்பிட்டார். வினிகர் கலந்த சோற்றைப் பார்த்து மாமியார், "பழைய சோத்த உருட்டி வெச்சிருக்கான்" என்றார்.

சுஷியோடு வரும் வசாபியை, மூக்கில் ஏறும் அந்தக் காரப் பச்சை விழுதை, புதினாச் சட்னி என்று நினைத்த கதை எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். எங்கள் வீட்டிலும் உண்டு, அவர் மானத்தை வாங்க வேண்டாம்.

கடைசியாகத் தகோயாகி. பணியாரச் சட்டி போன்ற குழிக்கல்லில் மாவு ஊற்றி, நடுவில் பேய்க்கணவாய்த் துண்டு வைத்துச் சுடுவது. ஒசாகா ஊர்ப் பண்டம். மேலே தூவியிருந்த மீன் சீவல் சூட்டில் நெளிந்து நெளிந்து ஆடியது. மகள் வீடியோ எடுத்தாள். மாமியார் ஒரு சீவலை எடுத்து நாக்கில் வைத்து, அம்மாவைப் பார்த்து, "நான் சொல்லல?" என்றார்.

புரட்டாசியில் யாராவது போனால், பச்சைப் புள்ளியை நம்பாதீர்கள். தாஷி எதில் செய்தது என்று கேளுங்கள். மயோனைஸில் முட்டை உண்டா என்றும். உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

பதில் (வில்லியனூர்)
எனக்கு இதே கதை ராமெனில். மேலே காளான், சோளம், கீரை. வெஜ் என்றுதான் கொடுத்தார்கள். பாதி சாப்பிட்டபின் கேட்டால், சாறு கோழி எலும்பில் கொதிக்கவைத்ததாம். மேலே கிடப்பதை வைத்து அடியில் இருப்பதைச் சொல்ல முடியாது.

பதில் (முன்பு ஹோட்டல் சமையலறையில் இருந்தவன்)
சைவத் தாஷி புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஜப்பானில் புத்த மடங்களின் சமையலில் மீனே கிடையாது, கொம்பும் காய்ந்த ஷிடாகே காளானும் ஊறவைத்த தண்ணீர்தான் சாறு. பொடி வாங்கிப் போட்டால் வேலை சுலபம், அதனால் பல கடைகளில் அதுதான். பரிமாறுபவரிடம் கேட்காதீர்கள், சமையலறையில் கேட்கச் சொல்லுங்கள். இன்னொன்று, டெம்புராவுக்கு இறாலும் காயும் ஒரே எண்ணெயா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் (யாழ்ப்பாணம், இப்போது புதுச்சேரி)
உங்கள் மாமியாருக்கு ஒரு வணக்கம்! நாங்கள் மாசி என்று சொல்வதும் அதே சூரைச் சாதிதான். மாலத்தீவிலிருந்து வரும், கட்டையாக இருக்கும், இடித்துச் சம்பலில் போடுவோம். ஜப்பான் சூப் முதல்முறை குடித்தபோது எனக்கு அம்மம்மாவின் உரல்தான் ஞாபகம் வந்தது.

எழுதியவர்
அந்த எண்ணெய் விஷயத்தை நான் கேட்கவே இல்லை. அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டப்போவதில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

மாசி பற்றி மாமியாரிடம் சொன்னேன். உடனே, அன்றைக்கு அந்தத் தம்பியிடம் கேட்டு வாங்கிவந்த கைப்பிடி மீன் சீவலை எடுத்து வெளியே வைத்தார். ஐப்பசி பிறந்த முதல் ஞாயிறு கத்தரிக்காய்க் குழம்பில் போட்டார். அம்மாவும் வந்திருந்தார், இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். மாமியாருக்குத்தான் திருப்தியில்லை. "வாசம் இருக்கு, கடிக்க ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, முதுநகரில் நல்ல கருவாடு வாங்கிவர மகனை அனுப்பினார்.