பாபநாசம் பஸ் மோட்: பாஸ்வேர்டை வீடியோவுக்குள் ஒளித்து வைப்பது நியாயமா?

ஆலங்குளத்தான்:
பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா என்ற போன் கேமுக்கு நம்ம ஊர்ப் பையன்கள் போடும் மோட், அதாவது விளையாடுகிறவர்களே செய்து கேமில் சேர்க்கும் வண்டி, எல்லாவற்றிலும் இதே கதைதான். மீடியாஃபயரில் ஜிப்பை இறக்கினால் பாஸ்வேர்ட் கேட்கிறது. அது ஒரு நீளமான யூடியூப் வீடியோவில் எங்கேயோ மின்னி மறைகிறது. நாங்கள் விளையாடுவதால்தான் இவர்களுக்குப் பேர். விளையாடுகிறவனை மதிக்காதவன் எதற்கு மோட் போட வேண்டும்?

வண்ணாரப்பேட்டை ரூட்:
அந்த வண்டியைச் செய்தவன் நான்தான். எங்களால்தான் பேர் என்கிறாயே, ஒரு பைசா கொடுத்தாயா? வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் நின்று படிக்கட்டு, பின் ஏணி, டிரைவர் சீட் என்று ஒவ்வொன்றாக போட்டோ எடுத்து பிளெண்டர் என்ற முப்பரிமாண சாஃப்ட்வேரில் வரைந்தேன். கைப்பிடிக் கம்பியை நல்ல உருண்டையாக வரைந்தால் பாலிகன், அதாவது உருவத்தை ஆக்கும் பட்டைகளின் எண்ணிக்கை, ஏறி, சாதாரண போன் திணறும். அதற்காகவே ஒவ்வொரு கம்பியையும் ஆறு பட்டையாகக் குறைத்தேன். உன் போன் சூடாகக் கூடாது என்றுதான் அத்தனை பாடும். இதற்கு ஒரு வீடியோ பார்க்கச் சொன்னது குற்றமா?

ஆலங்குளத்தான்:
கம்பிக் கதை வேண்டாம். பாஸ்வேர்டை வீடியோவுக்குக் கீழே டிஸ்கிரிப்ஷனில் போட என்ன தடை?

வண்ணாரப்பேட்டை ரூட்:
போன மோட்டில் அங்கேதான் போட்டேன். மறுநாளே வண்டியின் மேல் ஒட்டும் படமான ஸ்கின்னில் இருந்த என் பேரை அழித்துவிட்டு ஒரு டெலிகிராம் குழுவில் ஏற்றினார்கள். நீயும் அதில் இருந்தாய். 'செம வண்டி' என்று எழுதி ஹார்ட்டும் போட்டாய். மறந்துவிட்டதா?

அம்பை வாத்தியார்:
தம்பிகளா, ரூட் போர்டை யாராவது பார்த்தீர்களா? கல்லிடைக்குறிச்சிக்கு அப்புறம் வீரவநல்லூர் வருகிறது. நெல்லையிலிருந்து போனால் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், அப்புறம்தான் கல்லிடை, அம்பை.

வண்ணாரப்பேட்டை ரூட்:
சார், அந்த போர்டு இருக்கும் ஸ்கின் வெறும் பிஎன்ஜி படம். டெம்ப்ளேட்டும் ஜிப்பிலேயே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

அம்பை வாத்தியார்:
நான் ஏன் மாற்ற வேண்டும்? போர்டு எழுதியது நீதானே.

பேட்டை கிளீனர்:
தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற கூட்டம் இது. 2015 ஏப்ரலில் ஸ்டீம் என்ற கேம் கடையில் ஸ்கைரிம் கேமின் மோட்களுக்குக் காசு வாங்கலாம் என்று அதை நடத்தும் வால்வ் கம்பெனி அறிவித்தது. செய்தவனுக்கு 25 சதவீதம்தான். அதையே பொறுக்காமல் ஆட்டக்காரர்கள் கத்திய கத்தில் ஒரு வாரத்துக்குள் வால்வ் பின்வாங்கியது. காசும் தர மாட்டார்கள், வீடியோவும் பார்க்க மாட்டார்கள்.

ஆலங்குளத்தான்:
அப்படியானால் நெக்ஸஸ் என்ற மோட் தளத்தையும் சொல்லுங்கள் அண்ணாச்சி. ஏற்றிய மோட்டை ஆசிரியர் அடியோடு அழிக்கும் வசதியை 2021இல் எடுத்துவிட்டார்கள். அழித்தாலும் காப்பகத்தில் கிடக்கும். ஏற்றியபின் ஆட்டக்காரனுக்கும் பாத்தியம் உண்டு என்றுதானே அர்த்தம்? நீங்கள் பாஸ்வேர்டைப் பூட்டி வைக்கிறீர்கள்.

வண்ணாரப்பேட்டை ரூட்:
பாதியைச் சொல்லாதே. வேண்டாதவர்கள் கோப்பை எடுத்துக்கொள்ள ஒரு மாத அவகாசம் கொடுத்தார்கள். மனம் நொந்து எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. என்னிடம் யார் அவகாசம் கேட்டார்கள்? பேரை அழிக்க ஒரு ராத்திரி போதுமாக இருந்தது. என் வீடியோவைப் பார்ப்பவன் செய்தது யார் என்றாவது தெரிந்துகொள்வான். எனக்குக் கிடைக்கும் கூலி அதுதான். அதையும் விடச் சொல்கிறாய். கேம் அப்டேட் வந்து கதவு திறக்காமல் போனால் மட்டும் நள்ளிரவில் 'ப்ரோ, சீக்கிரம் சரிபண்ணு' என்று மெசேஜ் வருகிறது. அப்போது எங்கே போகிறது உங்கள் மரியாதை?

ஆலங்குளத்தான்:
நான் அப்படி மெசேஜ் போட்டதே இல்லை. கேட்டது ஒன்றுதான். டிஸ்கிரிப்ஷனில் பாஸ்வேர்ட் வருமா, வராதா?

வண்ணாரப்பேட்டை ரூட்:
வராது.

அம்பை வாத்தியார்:
வீரவநல்லூர் பற்றி இன்னும் பதில் வரவில்லை.

பேட்டை கிளீனர்:
சார், நீங்கள் இதுவரை ஒரு ஸ்கின்னாவது செய்திருக்கிறீர்களா?

அம்பை வாத்தியார்:
அந்தத் தடத்தில் தினமும் போய் வருகிறவன் நான். ஊர் வரிசை தெரிய ஸ்கின் செய்ய வேண்டியதில்லை.

ஆலங்குளத்தான்:
சரி, அந்த டெலிகிராம் குழுவிலேயே இறக்கிக்கொள்கிறேன். அங்கே பாஸ்வேர்ட் கேட்பதில்லை.

வண்ணாரப்பேட்டை ரூட்:
பார்த்துக்கொள்ளுங்கள், எல்லோர் முன்னாலேயும் சொல்கிறான். அடுத்து செங்கோட்டை வண்டி பாதி முடிந்திருக்கிறது. அதை யாருக்குக் கொடுப்பது என்று நான் முடிவு செய்துகொள்கிறேன்.