இறுக்கமா, இறுகலா, வேறொன்றா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மண் பொறியியல் சொற்களுக்குத் தமிழ் தேடிக்கொண்டிருக்கிறோம். ரோலர் போன்றவற்றால் மண்ணை அமுக்குவது கம்பாக்‌ஷன்; சுமையால் நீர் வெளியேறிக் களி மெல்லச் சுருங்குவது கன்சாலிடேஷன். கம்பாக்‌ஷனுக்கு ‘இறுக்கம்’, கன்சாலிடேஷனுக்கு ‘இறுகல்’ என்று சென்ற மடலில் முன்மொழிந்த தமிழாசிரியர் ஐயாவுக்கு முதலில் ஒரு கும்பிடு. நாம் மண்ணை இறுக்கினால் பிறவினை. மண் தானாக இறுகினால் தன்வினை. ஒரு ககர ஒற்றில் எங்கள் பாடத்தின் பாதியை அடக்கிவிட்டார். ஆனால் அந்த ஒற்று வேலையிடத்தில் ஒரு வாரம்கூடத் தாங்காது. பட்டவன் சொல்கிறேன்.

சென்னை வேளச்சேரிப் பக்கம் ஒரு மனைக்கு மண் ஆய்வு செய்தோம். மேலே ஒன்றரை மீட்டர் கொட்டி நிரப்பிய மண், அதற்குக் கீழே கறுப்புக் களி. 63.5 கிலோ எடையை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் இறங்க எத்தனை அடி விழுகிறது என்று எண்ணுவோம். முதல் 15 செ.மீ. கணக்கில் சேராது, அடுத்த 30 செ.மீ.க்கு ஆகும் அடிகள்தான் ‘என்’ (ஆங்கில எழுத்து N) மதிப்பு; அது குறைந்தால் மண் மென்மை. (இதைத் தமிழில் எழுதினால் ‘என்னுடைய மதிப்பு’ என்று படிக்கிறார்கள். நான் ‘அடியெண்’ என்று எழுதத் தொடங்கிவிட்டேன். அந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம்.) அன்று எண்ணுகிற பையன் நிமிர்ந்து நிற்பதற்குள் முடிந்துவிட்டது: மூன்றே அடி. குழாயை இரண்டாகப் பிளந்து திறந்தால், கட்டைவிரல் வைத்ததும் உள்வாங்கும் களி, சாக்கடை நாற்றத்தோடு.

வீட்டுக்காரருக்காக அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் எழுதினேன். “களி இன்னும் இறுகவில்லை, இறுக இறுகக் கட்டடம் இறங்கும்.” மறுநாள் காலையில் தொலைபேசியில் கேட்டார்: “இறுகவில்லை, அவ்வளவுதானே? ரோலரை இன்னும் நாலு தடவை ஓட்டி இறுக்கிவிடலாமே?”

அவர் மேல் தவறில்லை, சொல் மேல்தான். ரோலர் ஓடும்போது மண்ணிலிருந்து வெளியேறுவது காற்று. நீர் அப்படியே இருக்கிறது. வேலை அன்றைக்கே முடிந்துவிடும். அதுவும் மேலே ஒரு சாண், இரண்டு சாண் ஆழத்துக்குத்தான். அதனால்தான் மண்ணை மெல்லிய அடுக்குகளாகக் கொட்டி உருட்டுகிறோம். நீர் ததும்பி நிற்கும் களியில் நடப்பது வேறு. சுமை ஏறியதும் அதை முதலில் தாங்குவது துளைகளில் உள்ள நீர். அந்த நீர் மெல்ல மெல்ல வெளியேற, சுமை மண்துகள்களின் மேல் மாறுகிறது. களி சுருங்குகிறது, மேலே உள்ளது இறங்குகிறது. மண் பொறியாளர் கார்ல் டெர்சாகி 1925இல் வெளியிட்ட நூலில் கணக்காக்கிக் காட்டியது இதைத்தான். நீர் வெளியேறும் பாதை இரண்டு மடங்கானால் காலம் நான்கு மடங்காகும். பெசன்ட் நகர் மணலில் பூச்சு வேலை முடிவதற்குள் இறங்க வேண்டியது இறங்கி முடிந்திருக்கும். பள்ளிக்கரணைச் சதுப்பு ஓரத்துக் களியில் வீட்டுக்காரரின் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும்வரை இறங்கிக்கொண்டிருக்கலாம். போதாததற்கு, பள்ளம் என்று நாம் கொட்டி உயர்த்துகிற மண்ணே அந்தக் களிக்குப் புதுச் சுமை.

ஆகவே காற்றையும் நீரையும் ஒரே வேர்ச்சொல்லில் கட்டக் கூடாது. என் முன்மொழிவு: காற்று வெளியேறும் கம்பாக்‌ஷனுக்குத் ‘திமிசு’ (மண்ணை இடித்துக் கெட்டியாக்கும் கட்டையின் பெயர்), நீர் வெளியேறும் கன்சாலிடேஷனுக்கு ‘வடிந்திறுகல்’. விளைவாகிய செட்டில்மென்டுக்கு எந்தச் சொல்லும் ஆக்க வேண்டாம். “கட்டடம் இறங்கிவிட்டது” என்று கொத்தனார் சொல்கிறார், ‘இறக்கம்’ போதும். ஒரு மூலை மட்டும் இறங்கினால் ‘சமனிலா இறக்கம்’.

*

தம்பிக்கு,

என் சொல்லைக் கொன்றுவிட்டீர்கள். காரணத்தோடு கொன்றதால் வருத்தமில்லை. ‘திமிசு’ தெலுங்கிலும் உண்டு என்று யாராவது சண்டைக்கு வருவார்கள், நான் வரமாட்டேன். என் வீட்டுக்கு வானம் (அடித்தளப் பள்ளம்) தோண்டி, தண்ணீர் தெளித்துத் திமிசு போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் திமிசு என்றால் கட்டையும் இடியும்தான் கண்ணில் தெரிகின்றன. ரோலருக்கு அது பொருந்துமா? சாலை போடுகிறவர்கள் ‘கெட்டிப்படுத்து’ என்கிறார்களே, ‘கெட்டித்தல்’ என்றால் என்ன?

‘வடிந்திறுகல்’ எனக்கு ஒப்பவில்லை. வடிதல் என்றால் நீர் கீழ்நோக்கித்தானே போகும்? களியிலிருந்து நீர் மேலேயும் ஏறி வெளியேறும் என்று முன்பொரு மடலில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ‘பிழிந்திறுகல்’ என்று வைத்துப் பாருங்கள்.

*

ஐயா,

கெட்டித்தல், உடனே ஒப்புக்கொண்டேன். திமிசுக்கட்டையால் கெட்டிக்கலாம், ரோலராலும் கெட்டிக்கலாம். உங்கள் கொத்தனார் தெளித்த தண்ணீரைத்தான் அமெரிக்கப் பொறியாளர் ப்ராக்டர் 1933இல் வளைகோடாக வரைந்தார். நீர் குறைந்தாலும் மண் கெட்டிக்காது, மிகுந்தாலும் கெட்டிக்காது. நடுவில் ஓர் அளவு உண்டு.

வடிதலைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. களிக்கு மேலும் கீழும் மணல் இருந்தால் நீர் இரு பக்கமும் போகும். ஆனால் பிழிவது ஒரு முறுக்கில் முடிந்துவிடும்; துணி பிழிகிற நினைவு வருகிறது. எங்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஆகிற வினை வேண்டும். நேற்று இரவு மொட்டைமாடித் தொட்டியின் சுவர் ஓரத்தில் ஈரம் படர்ந்திருந்ததைப் பார்த்தபோது தோன்றியது: கசிதல். அதற்குத் திசை கிடையாது, அவசரமும் கிடையாது. ‘கசிந்திறுகல்’. ஏரிக்கரையில் ‘கசிவு’ என்று வேறு பொருளில் வருகிறதே என்பார்கள். இரண்டிலும் நீர் மண்ணுக்குள் ஊர்வது மண்ணில் நீரோட்டத்தைச் சொல்லும் ஒரே டார்சி விதிப்படிதான், ஆகவே உறவுக்காரச் சொல்லாக இருப்பதில் கெடுதல் இல்லை.

மிச்சம் இருப்பது ஒன்று. முன்பு பெருஞ்சுமை தாங்கிப் பிறகு அது நீங்கிய களியை ‘மிகைக்கசிந்திறுகிய களி’ என்று எழுதிப் பார்த்தேன், வாய் வலிக்கிறது. ‘பழஞ்சுமைக் களி’ என்றால் தமிழாசிரியர் ஏற்பாரா?