மனம் உடைந்தால் பாராசிட்டமாலா?

வேப்பமரம்: நேற்று பாலா எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. மனவலியும் உடல்வலியும் மூளையில் ஒரே இடமாம், காதல் தோல்விக்குப் பாராசிட்டமால் போதுமாம். பதினாறு வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். இதை நம்பி யாராவது அட்டை அட்டையாக விழுங்கினால் போவது ஈரல்.

பாலா: ஒரே இடம்தான். 2003இல் ஐசன்பெர்கர் குழு 'சயின்ஸ்' இதழில் எழுதியது. ஸ்கேனருக்குள் படுத்தபடி கணினியில் பந்து விளையாட்டு. நடுவில் மற்ற ஆட்டக்காரர்கள் பந்து தருவதை நிறுத்திவிடுவார்கள். ஒதுக்கப்பட்டவர் மூளையில், உடல் வலித்தால் எழும் அதே பகுதிதான் எழுந்தது. 2010இல் டிவால் குழு மாணவர்களுக்கு மூன்று வாரம் தினமும் பாராசிட்டமால் கொடுத்தது, மனக்காயம் குறைந்தது. படித்துவிட்டு வாருங்கள்.

வேப்பமரம்: படித்துவிட்டுத்தான் வந்தேன். 2014இல் வூ, வேகர் குழு வெளியிட்டதை நீங்கள் படித்தீர்களா? கையில் சூடு படும் வலிக்கும், பிரிந்துபோனவர் படத்தைப் பார்க்கும் வலிக்கும் அதே பகுதிக்குள் பதியும் வடிவம் வேறு வேறு. தெரு ஒன்று, வீடு இரண்டு.

பாலா: தெரு ஒன்று என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

வேப்பமரம்: வீடு வேறு என்றேன். அதை மட்டும் படிக்கமாட்டீர்களே.

மதுரை செல்வி: அப்பா போன அடுத்த மாதமே அம்மாவுக்கு இடுப்புவலி. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எலும்பு நல்லா இருக்கு, எல்லாம் மனசுதான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். "அப்ப நான் நடிக்கிறேனாடி?" என்று படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார் அம்மா. வலி என்பதே புலனும் உணர்ச்சியும் சேர்ந்த அனுபவம் என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979லேயே வரையறுத்துவிட்டது. நீங்கள் இடத்துக்குச் சண்டை போடுகிறீர்கள்.

பாலா: அதையேதான் நானும் சொல்கிறேன் அக்கா. ஒரே இடம்.

மதுரை செல்வி: என் அம்மாவை உங்கள் கட்சியில் சேர்க்காதீர்கள்.

வேப்பமரம்: செல்வி, வரையறை கிடக்கட்டும். இந்தப் பாலா போன மாதம் முட்டிவலி பற்றிய விவாதத்தில் தப்பாக எழுதிவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக அழித்தவர்.

பாலா: அழிக்கவில்லை, திருத்தினேன்.

வேப்பமரம்: அழித்தீர்கள். என்னிடம் படம் இருக்கிறது. அது இருக்கட்டும், டிவால் ஆய்வின் மாணவர்கள் தினமும் ஆய்வாளர் கொடுத்த அளவோடு சாப்பிட்டவர்கள். என் கடைக்கு வருகிறவனுக்கு அந்த அளவு உண்டா?

பாலா: பேச்சை மாற்றாதீர்கள். ஒரே இடமா இல்லையா?

வேப்பமரம்: இல்லை. முதலில் அந்த முட்டிவலிப் பதிவைத் திரும்பப் போடுங்கள்.