புதுப்பிப்பு: முதல் ரிமோட் படகு வாங்கியாச்சு

முதல் படகாக மோட்டார் ஸ்பீட் போட் வாங்கலாமா, பாய்மரம் வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கடைசியில் பாய்மரம்தான்: டிராகன்ஃபோர்ஸ் 65.

முடிவு செய்ய வைத்தது பேட்டரி. வேகப் படகில் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) போட்டால் சில நிமிடம் பறக்கும், அப்புறம் சார்ஜ் ஏறும்வரை கரையில் உட்கார வேண்டியதுதான். இதில் காற்றுதான் இன்ஜின். சுக்கானுக்கு ஒரு சர்வோ (ரிமோட் சொன்னபடி அசைக்கும் சின்ன மோட்டார்), பாய்க்கயிற்றுக்கு ஒன்று. சாதாரண ஏஏ பேட்டரிகளே போதும்.

ஓட்டும்போதுதான் இதன் அழகு தெரிகிறது. காற்றுக்கு நேர் எதிரே திருப்பினால் பாய் படபடவென்று அடித்து, படகு நின்றுவிடும். சுக்கானைக் கொஞ்சம் திருப்பி, பாயை இழுத்துப் பிடித்தால் சட்டென்று சாய்ந்து கிளம்பும். பலமான காற்றில் பாய் தண்ணீரைத் தொடும் அளவுக்குச் சாய்ந்தாலும் கீலின் (படகுக்கு அடியில் தண்ணீருக்குள் நீண்டிருக்கும் தகடு) அடியில் இருக்கும் எடைக்குண்டு நிமிர்த்திவிடும். புதியவர்களுக்கு இதைவிடப் பெரிய தைரியம் வேறென்ன வேண்டும்!

கிளம்பும் முன் மேல்தளத் திறப்புகளை நல்ல டேப்பால் ஒட்டிவிடுங்கள். ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் உள்ளேதான் இருக்கிறது, தண்ணீர் படக்கூடாது.

ஒருவர் பையனுக்கு வாங்கக் கேட்டிருந்தார். உங்கள் குளம் ஆழமில்லாததாகவோ பாசி மண்டியதாகவோ இருந்தால் இது சரிப்படாது. கீல் தரைதட்டும், பாசியும் சுற்றிக்கொள்ளும். பையனுக்கு மெதுவாக ஓடும் சின்ன இழுவைப் படகு பாருங்கள். ஆனால் அதற்கும் பாசியில்லாத இடம் வேண்டும்.