பழைய கூத்துக் கட்டைகளையும் ஓலைச்சுவடியையும் வேலூர் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா?

பாலாற்றுக்கரை:
குடியாத்தம் பக்கம் எங்க ஊர். பங்காளிகள் நாலு குடும்பத்துக்கும் பொதுவா ஒரு மரப்பெட்டி இருக்கு. உள்ளே பாரதக் கூத்துக்குக் கட்டின பழைய கட்டைகள், அதாவது வேஷத்துக்குப் போடுற மர அணிகள்: ரெண்டு கிரீடம், நாலு புஜக்கட்டை, ஒரு மார்ப்பதக்கம். கூடவே ஒரு ஓலைச்சுவடிக் கட்டு. கோட்டைக்குள்ள இருக்கிற அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துடலாம்னு இளவட்டம் சொல்லுது. "ஸ்டோர் ரூம்ல போட்டுப் பூட்டிடுவாங்க, நம்ம பேரும் இருக்காது, திரௌபதி அம்மன் திருவிழா அக்னி வசந்தத்துக்குக் கேட்டா கிடைக்காது"ன்னு பெரியவங்க பிடி கொடுக்க மாட்டேங்கறாங்க. எழுத்துல என்னென்ன கேக்கணும்? கொண்டுபோறதுக்கு முன்னாடி பொருளை என்ன பண்ணணும்?

அகழிமேடு:
முதல்ல அது யாரோடதுன்னு தீர்த்துக்குங்க. பொதுச்சொத்துன்னா நாலு குடும்பத்து வாரிசுகளும் கையெழுத்துப் போடணும். வெளியூர்ல இருக்கிறவரை விட்டுட்டுப் போனா, பின்னாடி வக்கீல் நோட்டீஸ் அவர்கிட்ட இருந்துதான் வரும். திரௌபதி அம்மனுக்கு நேர்ந்து விட்டதா இருந்தா கோயில் சொத்து. அதைத் தானம் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை.

பெரியவங்க பயம் நியாயம்தான். ஆனா அதைத் தானப் பத்திரத்துல ஒரு வரி சேர்த்துத் தீர்க்க முடியாது. 1882 சொத்து மாற்றுச் சட்டம் 126-ஆம் பிரிவுப்படி, கொடுத்தவர் நினைச்சப்போ திருப்பி வாங்கிக்கலாம்னு எழுதின தானம் செல்லாது. திருவிழாவுக்குத் தேவைப்படுற கிரீடத்தை இரவல் ஒப்பந்தமா, எந்தத் தேதி வரைக்கும்னு போட்டுக் கேளுங்க. ஒத்துக்கலைன்னா அதை வீட்டுலயே வெச்சுக்குங்க. மத்ததைத் தானமா கொடுக்கலாம்.

122-ஆம் பிரிவையும் பாருங்க: கொடுக்கிறவர் உயிரோட இருக்கும்போதே வாங்குறவர் ஏத்துக்கணும். வயசானவர் கையெழுத்துப் போட்ட கடிதம் மேசையில மாசக்கணக்கா கிடந்தா ஆபத்து, எழுத்துல பதில் வாங்கிடுங்க. அசையும் பொருளுக்குப் பத்திரப் பதிவு கட்டாயமில்லை, கையில ஒப்படைச்சாலே தானம் ஆயிடும். ஆனா அளவு, எண்ணிக்கை, படத்தோட ரசீது இல்லாம ஒரு பதக்கம்கூட கை மாறக்கூடாது. பதிவேட்டு எண் போட்டதும் அதையும் கேட்டு வாங்குங்க. பிற்பாடு பேரப்பிள்ளை போய்க் கேட்டா பொருளைக் கண்டுபிடிக்கிறது அந்த எண்ணை வெச்சுத்தான்.

1972 தொல்பொருள் சட்டத்துல பொதுவா 100 வருஷம், சுவடின்னா 75 வருஷம் ஆயிருந்தா அது தொல்பொருள்னு கணக்கு. "நல்ல விலை தர்றேன், வெளிநாட்டுல கேக்கறாங்க"ன்னு யாராவது வந்தா வாசலோட அனுப்புங்க. தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி பண்ணவே கூடாது.

ஓலைநறுக்கு:
பெட்டியைச் சுத்தம் பண்ணாதீங்க! கெடுதல் பாதி அங்கதான் ஆகுது. கட்டைங்க பெரும்பாலும் கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்துல செய்வாங்க, வண்டுக்கு ரொம்பப் பிடிக்கும். கறுப்புத் துணி மேல ஒரு வாரம் வெச்சுப் பாருங்க. மாவு மாதிரி புதுசா உதிர்ந்தா புழு உயிரோட இருக்கு. கொடுக்கிற கடிதத்துலயே அதைச் சொல்லிடணும், இல்லேன்னா அங்க இருக்கிற மரச்சாமானுக்கெல்லாம் பரவும். வெயில்ல காய வைக்காதீங்க, வேலூர் வெயிலுக்கு மரம் வெடிச்சு, மேல பதிச்ச கண்ணாடிச் சில்லு கழண்டுடும். எனாமல் பெயின்ட் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் பையில போட்டா உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கஞ்சி போகத் துவைச்ச பருத்தித் துணி போதும்.

ஒட்டிக்கிட்ட ஓலையைப் பிரிச்சா எழுத்து அடுத்த ஏட்டோட உரிஞ்சு வந்துடும். செல்லோடேப் கூடாது. பேனாவால எண் போடக்கூடாது, துண்டுச்சீட்டு செருகுங்க. கயிறு இத்துப்போயிருந்தா ஏட்டு வரிசை கலையறதுக்குள்ள பக்கத்துல ஸ்கேல் வெச்சு, பிளாஷ் இல்லாம, ஒவ்வொரு ஏட்டையும் ரெண்டு பக்கமும் படம் எடுத்துக்குங்க.

பாலாற்றுக்கரை:
நன்றி. சுவடியை மட்டும் சென்னைக்குக் கொடுக்கலாமா?

அகழிமேடு:
கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துல சுவடியைப் பராமரிக்க ஆள் உண்டு. ஆனா அது கூத்துப் பாட்டா, வைத்தியமா, கணக்கான்னு படிக்கத் தெரிஞ்சவர்கிட்ட முதல்ல காட்டுங்க. கூத்துப் பாட்டுன்னா கட்டைகளோட சேர்ந்தே போகணும்னு நான் சொல்வேன்.

பெரியவங்களைச் சம்மதிக்க வைக்க வாதம் பண்ணிப் பிரயோசனமில்லை. ஒவ்வொரு கட்டையும் எந்த வேஷத்துக்கு, எத்தனையாம் நாள் கூத்துல, யார் கட்டினதுன்னு அவங்க வாயாலேயே சொல்ல வெச்சுப் பதிவு பண்ணி, தாள்ல எழுதிக் கடிதத்தோட இணைங்க. அந்தத் தாள் இல்லேன்னா காப்பாட்சியரால பதிவேட்டுல "மரக் கிரீடம், வேலூர் மாவட்டம்"ன்னுதான் எழுத முடியும். அறிவிப்புப் பலகையில ஊர்ப் பேரும் குடும்பப் பேரும் எப்படி வரணும்னு வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்க.